பாஸ்டருக்கு விடுப்பு, பாஸ்டரம்மாவுக்கு?

கேள்வி: என் கணவர் சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபையின் போதகர். பதினான்கு ஆண்டுகளாக ஒரே சபை. முதல் முறையாக அவருக்கு ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை சம்பளத்தோடு சபாட்டிக்கல் விடுப்பு (ஊழிய ஓய்வு) கொடுத்திருக்கிறார்கள். நான் பாலர் பள்ளி ஆசிரியை, முழுநேர வேலை. மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். மகன் இந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதுகிறான். 74 வயது மாமியார் எங்களோடு இருக்கிறார். பாதியில் நிற்கும் வேத விளக்க நூலை முடிப்பது, நாகர்கோவில் போய் வருவது, வீட்டுக்குச் சாயம் அடிப்பது, பிள்ளைகளோடு இருப்பது என்று கணவர் பெரிய பட்டியல் போட்டிருக்கிறார். வீட்டில் உட்கார்ந்தபடி போனிலேயே சபையை நடத்துவாரோ என்று எனக்குப் பயம். இன்னொரு பயமும் உண்டு. பெண்கள் ஐக்கியமும் ஓய்வுநாள் பாடசாலையும் என் பொறுப்பு. "பாஸ்டர் இல்லாட்டி என்ன, பாஸ்டரம்மா நீங்க இருக்கீங்களே" என்று இப்போதே சிலர் சொல்கிறார்கள். இந்த மூன்று மாதத்தில் ஊழியத்தையும் குடும்பத்தையும் எப்படிச் சமாளிப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போனைப் பற்றிய பயத்துக்கு வழி இருக்கிறது, கீழே எழுதுகிறேன். நீங்கள் இரண்டாவதாகச் சொன்ன பயம்தான் பெரியது. "நீங்க இருக்கீங்களே" என்பது அன்பிலிருந்து வரும் சொல். ஆனாலும் அந்த ஒரு சொல் மூன்று மாதத்தையும் தின்றுவிடும். போதகருக்குப் போகாத அழைப்பெல்லாம் உங்களுக்கு வரும். பகலெல்லாம் பாலர் பள்ளியில் நின்றுவிட்டு வந்து, மாலையில் அவர் செய்த வேலையில் பாதியை நீங்கள் செய்வீர்கள். விடுப்பு முடியும்போது அவர் தெளிந்திருப்பார், நீங்கள் படுத்திருப்பீர்கள். ஆகவே இந்த விடுப்பு இருவருக்கும் உரியது என்று சபைக் குழு எழுத்தில் சொல்ல வேண்டும். மற்ற ஏற்பாடெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் ஊழியத்துக்குச் சம்பளம் கிடையாது. அதனால் அது யாருடைய கணக்கிலும் ஏறவில்லை. கணக்கில் ஏறாத வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்கவும் முடியாது. இந்த வாரமே ஒரு சிறு நோட்டை எடுத்து, இரண்டு வாரத்துக்குச் சபைக்காகச் செய்யும் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்ட நேரத்தோடு குறித்து வையுங்கள். பெண்கள் ஐக்கியத்தை எழுத மறக்க மாட்டீர்கள். விட்டுப்போகிறவை வேறு. திருவிருந்துப் பாத்திரங்களைக் கழுவித் துடைத்து வைப்பது, தேநீர்ப் பொறுப்பில் உள்ளவர் வராத ஞாயிறுகளில் நீங்களே நிற்பது, மதிய ஆராதனைக்கு வரும் வெளிநாட்டு ஊழியச் சகோதரர்களுக்கு எத்தனை சாப்பாடு என்று சனிக்கிழமை சொல்லிவைப்பது, இரவு பத்தரைக்கு ஒரு சகோதரி அழுதபடி அழைத்தால் முக்கால் மணி நேரம் கேட்பது. இவற்றின் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் நீங்களே திகைப்பீர்கள். குழுவிடம் அந்தக் கூட்டுத்தொகையைக் காட்டுங்கள்.

பிறகு அந்த வேலைகளில் எதை ஒருவரிடம் ஒப்படைக்கலாம், எதை மூன்று மாதம் நிறுத்திவைக்கலாம், எது இனிமேல் தேவையே இல்லை என்று பிரியுங்கள். முடிந்தவரை நிறுத்திவையுங்கள் என்பேன். பெண்கள் ஐக்கியம் ஒரு மாதம் கூடாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஒப்படைக்கிற வேலைக்கு இரண்டு மாதமாவது முன்பயிற்சி வேண்டும். ஒரு மாதம் நீங்கள் செய்ய, பொறுப்பேற்பவர் பார்க்கட்டும், அடுத்த மாதம் அவர் செய்ய நீங்கள் பாருங்கள். கடைசி வாரத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால், "அந்த அலமாரியில் எது இருக்கு, கேட்டரர் நம்பர் என்ன" என்று விடுப்பின் முதல் பத்து நாளும் போன் வரும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கத் தாள் எழுதிக் கொடுங்கள். யாரை அழைப்பது, எவ்வளவு வாங்குவது, எது எங்கே இருக்கிறது என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கட்டும்.

சபைக்கு உங்களை முழுசாக விடுவிக்க மனம் வருமா என்று தயங்க வேண்டாம். மோசேக்கு அவர் மாமனார் எத்திரோ சொன்ன ஆலோசனையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்போம். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்குத் தலைவர்களை வைத்துச் சுமையைப் பகிர்ந்துகொள் என்பது அது. அதே யாத்திராகமம் 18ஆம் அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எத்திரோ தனியாக வரவில்லை. மோசேயின் மனைவி சிப்போராளையும் பிள்ளைகள் கெர்சோம், எலியேசர் இருவரையும் கூட்டிக்கொண்டு வருகிறார். முதலில் குடும்பம் வந்து சேர்கிறது, வேலையைப் பிரிக்கும் பேச்சு மறுநாள் நடக்கிறது. உங்கள் கணவர் இதைக் குழுவின் முன் திறந்து வைத்தே பேசலாம்.

அடுத்தது தேதி. சபையின் நாட்காட்டிக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை வசதிதான். ஈஸ்டர் முடிந்திருக்கும், கிறிஸ்துமஸ் வேலை தொடங்கியிருக்காது. உங்கள் வீட்டு நாட்காட்டியை அதன்மேல் வைத்துப் பாருங்கள். அந்த மூன்று மாதத்தில் பிள்ளைகளுக்கு இருக்கும் பள்ளி விடுமுறை செப்டம்பரில் ஒரே ஒரு வாரம். அதுவும் பிஎஸ்எல்இ எழுத்துத் தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது வரும். அப்பா வீட்டில் இருப்பார், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். மே கடைசியில் தொடங்கும் நான்கு வார ஜூன் விடுமுறை விடுப்புக்கு வெளியே போய்விடுகிறது. குழு ஜூனைத் தவிர்த்த காரணமும் தெரிந்ததே. ஜூனில்தான் விடுமுறை வேதாகமப் பள்ளி வரும், மலேசியாவுக்குப் போகும் சபை முகாமும் அப்போதுதான். அப்படியென்றால் உங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பதினான்கு ஆண்டில் சபை வேலை இல்லாத ஒரு ஜூன் மாதமாவது இருந்ததா? இந்தக் கேள்வியைக் கணவர் வழியாகக் குழுவின் முன் வையுங்கள். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை மாற்றித் தரச் சொல்லுங்கள். முகாமுக்குப் பேச்சாளர் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறார், வேதாகமப் பள்ளியை ஆசிரியர்கள்தாம் நடத்துகிறார்கள். போதகர் இல்லாமலே இரண்டும் நடக்கும். தொடக்கநிலை ஆறு மாணவர்களுக்குச் சில பள்ளிகள் ஜூனிலும் கூடுதல் வகுப்பு வைப்பதுண்டு. மகனின் பள்ளியில் அந்தத் தேதிகளைக் கேட்டு வைத்துக்கொண்டு பயணத்தை முடிவு செய்யுங்கள். குழு எந்த வகையிலும் சம்மதிக்காவிட்டால், ஜூன் முகாமிலிருந்தாவது குடும்பத்துக்கு விலக்கு வாங்குங்கள்.

குழு தரும் கடிதத்தில் இன்னும் சில வரிகள் இருக்க வேண்டும். ஊழிய ஓய்வு சட்டம் கொடுக்கும் உரிமை அன்று, முதலாளி மனமுவந்து தருவது. அதனால் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு உறுதி. முழுச் சம்பளம், அதற்குரிய மசேநி (மத்திய சேமநிதி) சந்தா, போக்குவரத்துப் படி தொடருமா நிற்குமா, ஆண்டு விடுப்பு நாட்கள் தனியா இதில் சேர்ந்ததா என்பதையெல்லாம் கேட்டுத் தெளிவாக்குங்கள். "இரண்டு மாதம் சம்பளத்தோடு, ஒரு மாதம் சம்பளமில்லாமல்" என்று பேச்சு மாறினால் கவனம் தேவை. சம்பளம் நின்ற மாதத்தில் மசேநி சந்தாவும் நிற்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனை மசேநி சாதாரணக் கணக்கிலிருந்து கட்டுகிறவர்கள், அந்தக் கணக்கில் போதிய இருப்பு இல்லையென்றால் தவணையைக் கையிலிருந்து கட்ட வேண்டி வரும். விடுப்பு முடிந்ததும் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ஒரு பக்க அறிக்கை போதும். மூன்று மாதப் பிரசங்கத் தொடர் தயாரித்து வர வேண்டும் என்று கேட்டால் அது விடுப்பாகாது.

இனி போன். "அவசரம் என்றால் மட்டும் அழையுங்கள்" என்ற அறிவிப்பு ஒருபோதும் வேலை செய்வதில்லை. அழைப்பவருக்கு அவருடைய காரியம் அவசரம்தான். எது அவசரம் என்று தீர்மானிக்கும் வேலையை அழைப்பவரிடமும் விடக்கூடாது, போதகரிடமும் விடக்கூடாது. ஒரே ஒரு மூப்பரை வாசற்காவலராக வையுங்கள். அவருக்கு மட்டும் போதகரின் புதிய எண் தெரியட்டும். எந்தக் காரியத்துக்கு அவர் போதகரைக் கூப்பிடலாம் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். சபை நடத்துநர்மேல் கடுமையான குற்றச்சாட்டு, பிள்ளைகளின் பாதுகாப்பு சம்பந்தமான புகார், போதகரின் கையெழுத்து இல்லாமல் முடியாத சட்ட விஷயம் ஆகிய மூன்றும் போதும் என்று நினைக்கிறேன். மரணம் இந்தப் பட்டியலில் இல்லை. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பழைய எண்ணை வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாற்றினால், இல்லாத நேரத்தில் தானாகப் போகும் பதிலை அதில் எழுதி வைக்கலாம். சபைக் குழுக்களை ஒலி அடக்கி வைத்தால் போதாது, விரல் தானாகத் திறந்து பார்க்கும். வெளியேறிவிடுவதே நல்லது. அதற்கு முன் ஒவ்வொரு குழுவிலும் இன்னொருவரை அட்மின் ஆக்கிவிட்டுச் செல்ல வேண்டும். ஒரே அட்மின் வெளியேறினால் வாட்ஸ்அப் தானாகவே யாரையாவது அட்மின் ஆக்கிவிடும், பிறகு அதைச் சரிசெய்யவே பத்து அழைப்பு வரும். நீங்களும் பெண்கள் ஐக்கியக் குழுவிலிருந்து வெளியே வர வேண்டும். மனம் கேட்காது, ஆனாலும் வாருங்கள்.

அறிவிப்பைப் போதகர் வாசித்தால் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடும். செயலாளர் வாசிக்கட்டும், அதுவும் தொடர்ந்து மூன்று ஞாயிறு. இப்படி இருக்கலாம்: "அன்பான சபையாரே, ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை நம் போதகரும் அவர் குடும்பத்தாரும் ஊழிய ஓய்வில் இருப்பார்கள். ஜெபம், மருத்துவமனைச் சந்திப்பு, மரணம், திருமணம் ஆகிய காரியங்களுக்கு மூப்பரை அழைக்கவும். போதகரையோ அவருடைய மனைவியையோ தாயாரையோ அழைக்க வேண்டாம். வழியில் பார்த்தால் அன்போடு நலம் விசாரியுங்கள், சபைக் காரியம் பேச வேண்டாம்." மனைவி, தாயார் என்ற இரண்டு சொல்லும் கட்டாயம் இருக்க வேண்டும். வெளிநாட்டு ஊழியச் சகோதரர்களில் பலருக்கு எல்லா ஞாயிறும் விடுமுறை கிடைப்பதில்லை. அவர்களுக்கு இதையே குரல் பதிவாக அனுப்புங்கள். சம்பளம் வரவில்லை, வேலையிடத்தில் அடிபட்டது என்றால் அவர்கள் முதலில் கூப்பிடுவது போதகரைத்தான். மனிதவள அமைச்சிடம் எப்படிப் புகார் செய்வது, வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹெல்த்சர்வ் போன்ற அமைப்பை எப்படி அணுகுவது என்று தெரிந்த ஒரு சகோதரரை அவர்களுக்கென்றே நியமிக்க வேண்டும்.

மாமியாரிடம் யார் சொல்வது? உங்கள் கணவர்தான். மருமகள் சொன்னால் "என் போனைக்கூட எடுக்கக் கூடாதா" என்று அவருக்கு வருத்தமாகிவிடும். மகன் உட்கார்ந்து, "அம்மா, யாராவது கூப்பிட்டா மூப்பர்கிட்ட பேசச் சொல்லுங்க, அதுதான் நீங்க எனக்குச் செய்யற உதவி" என்று கேட்டால் அதையே ஒரு ஊழியமாக எடுத்துக்கொள்வார். அவரும் பல ஆண்டு அந்தச் சபைக்காக ஜெபித்தவர் அல்லவா.

மரணத்துக்கு வருகிறேன். ஓய்வு விடுப்பு உடைவது பெரும்பாலும் இதில்தான். நம் வழக்கத்தில் ஒரு மரணம் என்றால் புளோக் கீழ்த்தளத்தில் இரண்டு மூன்று இரவு ஜெபக்கூட்டம், பிறகு மண்டாய் தகனச்சாலைக்கோ சுவா சூ காங் கல்லறைக்கோ போகும் நாள். போதகர் ஒன்றுக்குப் போனால் மூன்று மாலையும் ஒரு பகலும் போகும். ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாவிட்டால் அந்த வருத்தம் பல ஆண்டுக்கு நிற்கும். ஆகவே ஒன்றுக்கும் போவதில்லை என்பதே எல்லாருக்கும் நியாயமான விதி. கடினமாகத் தெரியும். அதன் கடுமையைக் குறைக்க மே மாதத்திலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மிகவும் முடியாமல் இருக்கும் மூத்தவர்கள், நீண்ட நோயில் இருப்பவர்கள் யார் யார் என்று எழுதி, ஒவ்வொருவர் வீட்டுக்கும் போதகர் போக வேண்டும். தனியாக வேண்டாம், தமக்குப் பதிலாக வரப்போகும் ஓய்வுபெற்ற போதகரையோ சகோதர சபையின் ஆயரையோ கூட்டிக்கொண்டு போகட்டும். படுக்கையருகில் உட்கார்ந்து இவர் ஜெபித்த பிறகு அவரும் ஜெபிக்கட்டும். குடும்பத்தார் அந்த முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், மரணம் வரும்போது அவர் அந்நியராக வர மாட்டார். இந்த ஒரு சுற்றைச் செய்யாமல் விடுப்பில் போனால் எந்த விதியும் நிற்காது.

திருமணங்களும் அப்படியே. உரிமம் பெற்றவர் மட்டுமே திருமணத்தைச் சட்டப்படி நடத்திவைக்க முடியும். திருமணப் பதிவகத்தில் அறிவிப்புக் கொடுத்துக் குறைந்தது 21 நாள் கழியவும் வேண்டும். விடுப்புக் காலத்தில் தேதி வைத்திருக்கும் இணையரிடம் இப்போதே பேசி, உரிமம் உள்ள இன்னொரு போதகரை ஏற்பாடு செய்து கொடுங்கள். பிரசங்க மேடைக்குப் பதின்மூன்று ஞாயிறு, காலையும் மதியமும் சேர்த்து 26 செய்தி. பதின்மூன்று பேரை அழைத்தால் வாரம் ஒருமுறை யாரோ ஒருவர் ஒருங்கிணைக்க வேண்டும், தடுமாறினால் அவர் உங்களைத்தான் கூப்பிடுவார். மூன்று பேர், ஆளுக்கு நான்கு ஐந்து வாரம் என்றால் போதும். தமிழகத்திலிருந்தோ மலேசியாவிலிருந்தோ ஒருவரை அழைப்பதானால், வெளிநாட்டவர் இங்கே சமயச் சொற்பொழிவு செய்ய மனிதவள அமைச்சின் 'பல்வகை வேலை அனுமதி' தேவை. அது அதிகபட்சம் 60 நாளுக்குக் கிடைக்கும், இங்குள்ள சபை அதற்குப் பொறுப்பேற்று விண்ணப்பிக்க வேண்டும். உறவினரைப் பார்க்க வந்தவர்தானே, ஒரு ஞாயிறு பேசட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது.

சபைப் பக்கம் இவ்வளவு. இனி வீட்டுக்குள் வருவோம். உங்கள் கணவரின் பட்டியலைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது. நூல், பயணம், சாயம், பிள்ளைகள் என்பது இன்னொரு ஊழியத் திட்டம்போல் இருக்கிறது. நூலை வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு காலை, பிள்ளைகள் பள்ளியிலும் நீங்கள் வேலையிலும் இருக்கும் நேரம், அதற்குப் போதும். முடியாவிட்டால் முடியாமலே இருக்கட்டும். வீட்டுக்குச் சாயம் அடிப்பதை விட்டுவிடுங்கள். பிஎஸ்எல்இ ஆண்டில், வயதான அம்மா இருக்கும் வீட்டில், தூசும் வாடையும் எதற்கு? டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம்.

நாகர்கோவில் பயணத்தை முதல் வாரத்தில் வைக்காதீர்கள். பதினான்கு ஆண்டு ஓடிய உடல் நின்றதும் முதல் பத்துப் பதினைந்து நாள் தூங்கும், சளி காய்ச்சல் வரும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். "லீவு எடுத்தும் மூஞ்சி இப்படி இருக்கே" என்று நீங்கள் நினைக்கும் நாட்கள் அவை. அப்போது விமானத்தில் இருப்பதைவிட வீட்டில் இருப்பது நல்லது. ஜூன் நடுவில் பத்து நாள் போய் வாருங்கள். ஊரில் இறங்கியதும் மூன்று சபையிலிருந்து கூட்டத்துக்கு அழைப்பு வரும், அண்ணன் சித்தப்பா வழியாகவே வரும், மறுப்பது கடினம். மறுக்க உறுதியான காரணம் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர்க் கடப்பிதழோடு சுற்றுலா விசாவில் இந்தியா போகிறவர் வழிபாட்டு இடங்களில் சமயச் சொற்பொழிவு செய்ய அந்நாட்டு விதி இடம் கொடுப்பதில்லை. ஆராதனையில் கலந்துகொள்ளத் தடையில்லை. ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்) அட்டை வைத்திருப்பவர்களும் மிஷனரிப் பணிக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். "விசாவில் முடியாது சித்தப்பா" என்று சொன்னால் யாரும் மனம் கோண மாட்டார்கள்.

வீட்டு வேலையில் அவர் "உதவி" செய்வது வேண்டாம். உதவி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று நினைத்துச் சொல்லும் சுமை உங்களிடமே இருக்கும். இரண்டு பொறுப்பை முழுதாக அவரிடம் விடுங்கள். உதாரணமாக, அம்மாவின் பலதுறை மருந்தகச் சந்திப்புகள். தேதி நினைவில் வைப்பது, கூட்டிப்போவது, மருந்து வாங்குவது, மாத்திரைப் பெட்டியை நிரப்புவது என்று எல்லாமே அவர் பாடு. செவ்வாய், வியாழன், வெள்ளி இரவுச் சாப்பாடு இன்னொன்று. என்ன சமைப்பது என்று உங்களைக் கேட்கவும் கூடாது, ரசம் தண்ணீராக இருந்தால் நீங்கள் சொல்லவும் கூடாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. அவர் இல்லாமலே பல ஆண்டு ஓடிப் பழகிய வீடு இது, அதற்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. இரண்டாம் வாரத்தில் திடீரென்று மகளின் போன் நேரத்தையும் மகனின் தூங்கும் நேரத்தையும் அவர் திருத்த ஆரம்பித்தால் சண்டைதான் வரும். முதல் மாதம் எந்த விதியையும் மாற்றுவதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு அப்பா கணக்கும் அறிவியலும் சொல்லித்தர வேண்டாம். துணைப்பாட ஆசிரியர் சொன்னதற்கு மாறாக ஒரு வழியைக் காட்டினால் பிள்ளை குழம்பும், அப்பாவுக்குப் பொறுமை போகும். அவர் மட்டுமே நன்றாகச் செய்யக்கூடியது தமிழ் வாய்மொழித் தேர்வுப் பயிற்சி. வாய்மொழித் தேர்வு ஆகஸ்டில் வரும். உரக்க வாசிப்பதும், ஒளிக்காட்சி பார்த்து உரையாடுவதும் அதில் இருக்கின்றன. வாரம் நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஐந்து நிமிடம் தமிழ் முரசு நாளிதழின் ஒரு பத்தியை வாசிக்கட்டும், ல ள ழ, ர ற வேறுபாட்டைக் கவனியுங்கள். பத்து நிமிடம் ஒரு சிறு காணொளியைப் பார்த்து அதில் நடந்ததைச் சொல்லி, தன் கருத்தையும் தன் அனுபவம் ஒன்றையும் சேர்க்கட்டும். அப்பா கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். போதகர்களுக்கு இது எளிதன்று, பழகிக்கொள்ளலாம். பிரசங்கத் தமிழும் வேண்டாம், இலக்கண சுத்தமாக இழுத்துப் பேசும் தமிழும் வேண்டாம், படித்தவர்கள் இயல்பாகப் பேசும் தமிழே உரையாடலுக்கு ஏற்றது.

மகள் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளையை எதிரே உட்காரவைத்து "மனசு விட்டுப் பேசும்மா" என்றால் கதவு இன்னும் இறுக மூடும். வாரம் ஒருமுறை, ஒரே நாள், ஒரே நேரம், இருவரும் சேர்ந்து ஏதாவது செய்யட்டும். மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தின் பக்கம் நடந்துவிட்டு, திரும்பும் வழியில் பரோட்டாக் கடை. பேச்சு வரும் வாரமும் இருக்கும், வராத வாரமும் இருக்கும், ஐந்தாறு வாரம் தவறாமல் நடந்த பிறகு ஒருநாள் வரும். போதகர் மகள் என்ற பெயரோடு வளர்ந்தவள் சபையைப் பற்றிக் கசப்பாக ஏதாவது சொல்லக்கூடும். அப்போது சபைக்காக வாதாடாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். அவள் சொன்னது எதுவும் பிறகு பிரசங்க உதாரணமாக வராது என்று அப்பா வாக்குக் கொடுக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது? உங்கள் சபைக்கு வேண்டாம். குடும்பமாக வேறொரு சபையில், நடு வரிசையில், ஒரே பெஞ்சில் உட்காருங்கள். உங்கள் பிள்ளைகள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஆராதித்த ஞாயிறுகள் எத்தனை இருக்கும்? சபை சபையாகச் சுற்ற வேண்டாம், ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் அங்குள்ள போதகரிடம் ஒரு வார்த்தை சொல்லி, மேடைக்கு அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மகள் தன் வாலிபர் கூட்டத்துக்குப் போக விரும்பினால் போகட்டும், அவளுடைய தோழிகள் அங்கே இருக்கிறார்கள். அவள் கையில் யாரும் செய்தி கொடுத்தனுப்பக் கூடாது என்று வாலிபர் தலைவரிடம் சொல்லிவையுங்கள்.

உங்கள் இருவருக்கும் இடையே தேங்கிக் கிடப்பவை இருக்கலாம். முதல் வாரத்திலேயே அவற்றைத் திறக்காதீர்கள், அவர் தூங்கி எழட்டும். ஒரு மாதம் கழித்துத் தொடங்குங்கள். நீங்களாகப் பேச முடியாவிட்டால் சபைக்கு வெளியே உள்ள ஆலோசகரிடம் போங்கள், குடும்ப சேவை நிலையங்களும் இருக்கின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்குமேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் விருப்பமில்லை, வாழ்ந்து என்ன என்ற பேச்சு வருகிறது என்றால் அது களைப்பு மட்டும் அன்று, மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரவு பகல் எந்நேரமும் 1767 என்ற எண்ணில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸை அழைக்கலாம். இந்த அறிகுறிகள் உங்களிடம் தெரிந்தாலும் இதையேதான் சொல்வேன்.

திரும்பிச் செல்லும் மாதத்தை இப்போதே திட்டமிடுங்கள், கெட்டுப்போவது அங்கேதான் அதிகம். மூன்று மாதம் பிறர் பொறுத்துக்கொண்ட குறைகள் எல்லாம் முதல் ஞாயிறு வாசலில் காத்திருக்கும். முதல் ஞாயிறு அவர் பிரசங்கிக்க வேண்டாம், ஆராதனையில் கலந்துகொள்ளட்டும். அந்த வாரம் மூப்பரோடு உட்கார்ந்து, பிறப்பு, இறப்பு, நோய், குழு எடுத்த முடிவு ஆகியவை அடங்கிய ஒரே ஒரு பக்கக் குறிப்பை வாங்கிக்கொள்ளட்டும். துக்கம் நடந்த வீடுகளுக்கு முதலில் போகட்டும். விடுப்பில் இன்னொருவர் நன்றாக நடத்திய வேலையைத் திரும்பக் கேட்கக் கூடாது. இது உங்களுக்கும்தான். ஓய்வுநாள் பாடசாலையை அந்தச் சகோதரி நன்றாகப் பார்த்துக்கொண்டால் அது இனி அவருடையது. தேதி ஆகஸ்ட் 31க்கு மாறினாலும் செப்டம்பர் கடைசியில் மகனின் எழுத்துத் தேர்வு இருக்கிறது. ஆகவே செப்டம்பர் முழுதும் மாலைக் கூட்டம் வாரத்துக்கு இரண்டுக்குமேல் வேண்டாம்.

கடைசியாக, வார ஓய்வு நாள். பெரும்பாலான போதகர்களைப்போல் உங்கள் கணவருக்கும் திங்கள்தான் என்றால், அன்று நீங்கள் வேலையிலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருப்பீர்கள். அவர் தனியாக வீட்டில் இருப்பது அவருக்கு ஓய்வு, குடும்பத்துக்கு அதனால் ஒன்றும் கிடைப்பதில்லை. பிரசங்கத் தயாரிப்பை வியாழன் இரவுக்குள் முடித்து, சனிக்கிழமை காலை முதல் மதியம் ஒரு மணி வரை சபை அழைப்பு எதுவும் இல்லாத நேரமாக்கச் சொல்லுங்கள். வாலிபர் கூட்டமும் ஒத்திகையும் மதியத்துக்குமேல் வரட்டும். விடுப்பின்போதே சனிக்கிழமைக் காலைகளை இப்படிப் பழகுங்கள். குழுவோடு தேதியைப் பேசப் போகும்போது அடுத்த ஆண்டு நாட்காட்டியையும் கையோடு எடுத்துப்போய், அந்த ஐம்பத்திரண்டு காலைகளையும் அங்கேயே குறித்துவிட்டு வாருங்கள்.